பாசி எடுத்துச் சேர்த்த 14,000: மகளின் செஸ்ஸுக்கு எந்த டேப்லெட்?

மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் கடற்பாசி எடுக்கும் தொழிலாளி. கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். உடற்கல்வி ஆசிரியர் சொல்லிக்கொடுத்துச் செஸ் கற்றவள், இந்த ஆண்டு குறுவட்டப் போட்டியில் முதலிடம், மாவட்ட அளவில் ஆறாம் இடம் வாங்கியிருக்கிறாள். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். வாரத்தில் மூன்று நாள் அவர் கடலுக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். அந்த நாட்களில் பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மகளிர் குழுச் சேமிப்பில் இருந்த 14,000 ரூபாயை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். 12,000 ரூபாய் டேப்லெட் ஒன்றை அவர் தொட்டுப் பார்த்தபோது திரை அசையவில்லை. "விலை குறைந்தது அப்படித்தான் இருக்கும். செஸ்ஸுக்கு நல்ல பவர் வேண்டும்" என்று சொல்லி, 31,000 ரூபாய் டேப்லெட்டை 12 மாதத் தவணையில் எடுத்துப்போகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் கேட்கிறார்: "தவணை வேண்டாம் என்றால் தோட்டை அடகு வைத்து மீதியைக் கட்டிவிடலாமா? குகேஷ், பிரக்ஞானந்தா எல்லோரும் கம்ப்யூட்டரில் படித்துத்தான் பெரிய ஆளானார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இவளுக்கும் ஆப்பில் 1640 ரேட்டிங் வந்துவிட்டது. இப்போது விட்டுவிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது. அவள் அப்பாவோ, கண் கெட்டுப்போகும், ராத்திரியெல்லாம் வீடியோதான் பார்ப்பாள் என்கிறார். எனக்குச் செஸ் தெரியாது. அவள் படிக்கிறாளா, வெறுமனே பொழுதுபோக்குகிறாளா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

கடிதத்தோடு, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது. மாவட்டப் போட்டியில் மகள் ஆடிய ஓர் ஆட்டத்தை அவளே பென்சிலில் எழுதியிருந்தாள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தோட்டைக் காதிலிருந்து கழற்ற வேண்டாம். தவணையும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் 14,000 ரூபாயே உங்கள் மகளுக்குப் போதும். அதிலும் ஒரு பகுதியை டேப்லெட்டுக்குச் செலவழிக்காமல் மீதம் வைக்கச் சொல்வேன். ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அந்தத் திரை ஏன் அசையவில்லை?

இதைத்தான் முதலில் பேச நினைத்தேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது இந்த இடம்தான். திரை பழுதில்லை. உங்கள் விரலிலும் குறை எதுவும் இல்லை. இந்தத் திரைகள் அழுத்தத்தை உணர்வதில்லை. தோலின் வழியே நடக்கும் மிக நுண்ணிய மின்மாற்றத்தைத்தான் உணர்கின்றன. பல ஆண்டுகள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி பறித்துக் காய்ப்பேறிய, உலர்ந்த விரல்நுனியில் அந்த மாற்றம் குறைவு. கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. 31,000 ரூபாய் டேப்லெட்டிலும் உங்களுக்கு இந்தத் தொல்லை வந்திருக்கலாம். விரல்நுனியை இலேசாக ஈரத்துணியில் ஒற்றிவிட்டு, விரல்நுனியின் சதைப்பாகம் படும்படி தொட்டுப் பாருங்கள், வேலை செய்யும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். தொடப்போகிறவள் அவள். அவள் விரலுக்குத் திரை ஒழுங்காகப் பதில் சொன்னால் அந்தச் சோதனை முடிந்தது.

செஸ்ஸுக்கு எவ்வளவு 'பவர்' வேண்டும்?

1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ, இரண்டு பெரிய பீரோக்கள் அளவுக்கு இருந்த சூப்பர் கம்ப்யூட்டர். நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது. இன்று உங்கள் கணவரின் போனில் ஓடக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவசச் செஸ் மென்பொருள் அதைவிட வலுவாக ஆடும். உலகில் இன்று உயிரோடிருக்கும் எந்த மனிதராலும் அதை வெல்ல முடியாது. அதன் பெயருக்குப் பொருள் உங்களுக்குப் பிடிக்கும்: உப்புப் போடாமல் காற்றில் உலர்த்திய மீன். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் கருவாட்டு வாணிபத்துக்குப் பேர்போன நார்வேக்காரர்.

ஆகவே, பதினொரு வயதுப் பிள்ளையின் ஆட்டத்தில் எங்கே தவறு என்று காட்ட 31,000 ரூபாய் டேப்லெட் வேண்டியதில்லை. விலை கூடிய கருவியில் என்ஜின், அதாவது ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் மென்பொருள், அதே விடைக்குச் சில நொடிகள் முன்னால் வந்து சேரும், அவ்வளவுதான். அந்தச் சில நொடிகள் கிராண்ட்மாஸ்டர்களுக்கு வேண்டியிருக்கலாம். உங்கள் மகளுக்கு அவை கெடுதல் என்றுகூடச் சொல்வேன், அதைப் பின்னால் விளக்குகிறேன். கூடுதல் விலை போவதெல்லாம் வீடியோ கேம், படம் பிடித்தல், படம் வரைதல் போன்றவற்றுக்கு. கடைக்காரர் உங்களை ஏமாற்றவே அப்படிச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. செஸ் தெரியாதவர்கள் பலரும் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள்.

குகேஷ் பற்றி உங்கள் பக்கத்து வீட்டார் சொன்னதில் பாதிதான் சரி. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியனான அதே குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் நிலையை நெருங்கும் வரை என்ஜின் பக்கமே விடவில்லை. பலகை, காய்கள், சொந்த மூளை ஆகிய மூன்றோடுதான் வளர்த்தார். பின்னால்தான் கணினி வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா. 1988-இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது டேப்லெட் என்ற பொருளே கடைகளில் கிடையாது.

எந்த அளவு, எந்த வகை?

செஸ்ஸுக்கு டேப்லெட் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது திரையின் அளவு. அளவுகோல் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறரை இஞ்ச் போனில் பலகையின் ஒரு கட்டம் 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். குழந்தையின் விரல்நுனியே அதைவிட அகலம். விரல் நழுவிக் காய் பக்கத்துக் கட்டத்தில் விழுந்து தோற்ற ஆட்டங்கள் உங்கள் மகளுக்கும் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். 8.7 இஞ்ச் டேப்லெட்டில் அதே கட்டம் 14 மில்லிமீட்டர். 11 இஞ்சில் 18 மில்லிமீட்டர். 11 இஞ்சைப் படுக்கைவசத்தில் வைத்தால் ஒரு பக்கம் பலகையும் மறுபக்கம் நகர்த்தல் குறிப்புகளும் ஒன்றாகத் தெரியும். கோப்பாகக் கிடைக்கும் செஸ் புத்தகங்களை எழுத்தைப் பெரிதாக்காமலே படிக்கலாம். 8.7 இஞ்சின் நன்மை, கைக்கு இலேசு, பள்ளிப் பைக்குள் அடங்கும்.

அடுத்தது, சிம் போடும் வகையா, வைஃபை மட்டுமா? அப்பாவின் போன் கடலுக்குப் போய்விடுவதால் சிம் போடும் வகைதான் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது இயல்பு. நான் வேறு விதமாக யோசிக்கச் சொல்கிறேன். சிம் வாங்கினால் மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டும். ஓராண்டில் அது சில போட்டிகளின் நுழைவுக் கட்டணத்தையும் பஸ் செலவையும் விழுங்கிவிடும். அப்பா கடலுக்குப் போகும் மூன்று நாளும் இணையம் இல்லாத நாட்களாகவே இருக்கட்டும். அந்த நாட்களில் படிப்பு. அப்பா கரையில் இருக்கும் நாட்களில் அவர் போனிலிருந்து இணைய இணைப்பைப் பகிர்ந்து ஆட்டம். செஸ் ஆட்டத்துக்கு இணையம் மிகக் குறைவாகவே செலவாகும், வீடியோதான் வாரிக் குடிக்கும். இப்படி வைத்துக்கொண்டால் ராத்திரி வீடியோ பார்ப்பாள் என்ற அவர் பயமும் தானாகவே குறையும். இணையத்தின் சாவி அவர் சட்டைப்பையில்தானே இருக்கிறது.

இணையம் இல்லாமல் என்ன படிப்பது என்று கேட்பீர்கள். செஸ் ஆடவும் படிக்கவும் உதவும் லிசெஸ் ஆப், இணையம் இருக்கும்போதே ஒரு தொகுதிப் புதிர்களை இறக்கி வைத்துக்கொள்ளும். கருவிக்குள் இருக்கும் கணினியோடு ஆடவும் விடும். டிராய்ட்ஃபிஷ் என்ற இலவச ஆப்பில் பழைய சாம்பியன்களின் ஆட்டங்களைக் கோப்பாகப் போட்டு ஒவ்வொரு நகர்த்தலாகப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். லிசெஸ் விளம்பரமே இல்லாத தன்னார்வ முயற்சி. செஸ்.காம் இலவசக் கணக்கில் புதிர்களுக்கும் ஆட்ட அலசலுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள். பணம் கட்டச் சொல்லி அடிக்கடி கேட்கும். இப்போதைக்கு அதற்குப் பணம் கட்ட வேண்டாம்.

ஆகவே என் தேர்வு 11 இஞ்ச், வைஃபை மட்டும், 4 ஜிபி ரேம், 64 அல்லது 128 ஜிபி சேமிப்பு. ரெட்மி பேட் எஸ்இ இந்த வகைக்கு நல்ல உதாரணம். 11 இஞ்ச் திரை, 8,000 எம்ஏஎச் பேட்டரி. இந்தியாவில் வெளிவந்தபோது விலை 12,999 ரூபாய். சிறியதுதான் வேண்டும் என்று மகள் சொன்னால் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 8.7 இஞ்ச், எடை குறைவு, அதில் சிம் போடும் வகையும் உண்டு. நீங்கள் போகும் நாளில் இவற்றின் இடத்தில் அடுத்த மாடல் வந்திருந்தாலும் கவலையில்லை, மேலே சொன்ன அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். 2 ஜிபி ரேம் வேண்டவே வேண்டாம், ஓராண்டில் முடங்கிவிடும். பெயரே கேள்விப்படாத நிறுவனம், நாலாயிரம் ரூபாய்க்கு 12 ஜிபி ரேம் என்று விளம்பரம் வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். பழைய டேப்லெட் வாங்குவதானால், முந்தைய உரிமையாளர் தன் கணக்கை முழுவதும் நீக்கி, உங்கள் கண்முன் புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பூட்டிய பெட்டியைச் சாவியில்லாமல் வாங்கியது போலாகும்.

கடையில் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ரசீது கட்டாயம் கேளுங்கள். ரசீது தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழுது வந்து அவர்கள் தட்டிக்கழித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அந்த நிறுவனத்தின் பழுதுபார்க்கும் மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறதா, மதுரைக்குத்தான் போக வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போய்வர உங்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பெரிய மகனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி பரணில் கிடக்கிறது, பேட்டரி போய்விட்டது என்று. டேப்லெட் வாங்கும் முன் அதை இறக்கிச் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். பேட்டரி போனாலும் மின்சாரத்தில் ஓடினால் போதும், செஸ்ஸுக்கு அது நல்ல கருவி. லூகாஸ் செஸ் என்ற இலவச மென்பொருள் அதில் ஓடும். அது உயிர் பெற்றுவிட்டால் டேப்லெட்டை ஓராண்டு தள்ளிப்போடுவதுகூட நல்ல முடிவுதான்.

31,000 ரூபாய்த் தவணை

மாதம் ஏறக்குறைய 2,600 ரூபாய். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று வரும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமலும் போகலாம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கட்டிக் கிடக்கும்போது தவணை மட்டும் நிற்காமல் வரும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் அடுப்பெரிய வந்த பணம். அதிலிருந்து டேப்லெட் தவணை கட்டும் நிலைக்கு வீட்டைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தவணை தவறினாலும் அபராதம் ஏறும், நாளைக்கு வேறு அவசரக் கடன் கேட்கும்போது அந்தக் கறை குறுக்கே வரும். என்றைக்காவது கடன் எடுத்தே ஆக வேண்டுமென்றால், மொத்தச் செலவு எவ்வளவு என்று தெளிவாகச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையைக் கையில் வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அதைத் தருவது கடன் கொடுப்பவரின் கடமை.

அடகும் இதே கதைதான். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அம்மாவின் தோட்டில் வாங்கிய டேப்லெட் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு தோல்வியையும் கடனாகச் சுமப்பாள். அப்படிச் சுமந்த பிள்ளைகளை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். தோற்றவுடன் அவர்கள் பார்ப்பது பலகையை அல்ல, அறை வாசலில் நிற்கும் தாயின் முகத்தைத்தான்.

மீதப் பணத்தில் பலகை

டேப்லெட்டுக்கு 12,000 முதல் 13,000 வரை வைத்துக்கொண்டால் மிச்சத்தில் மேலுறை, திரைக்கண்ணாடி, கூடவே சுருட்டி வைக்கக்கூடிய ஒரு போட்டிப் பலகையும் காய்களும் வாங்குங்கள். பலகையும் காய்களும் சில நூறு ரூபாய்தான். போட்டிப் பலகையில் ஒரு கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். திரையிலேயே ஆடிப் பழகிய பிள்ளைகள் போட்டி அரங்கில் பெரிய பலகைமுன் உட்காரும்போது மூலையில் இருக்கும் பிஷப்பைக் கவனிக்காமல் விடுவார்கள். திரையை மேலிருந்து பார்க்கிறோம், பலகையைச் சாய்வாகப் பார்க்கிறோம். கண் இரண்டுக்கும் தனித்தனியே பழக வேண்டும். செஸ் கடிகாரம் இப்போது வேண்டாம். வீட்டுப் பயிற்சிக்கு டேப்லெட்டிலேயே கடிகார ஆப் போட்டுக்கொள்ளலாம்.

1640 பற்றி

உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். ரேட்டிங் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண். அவள் ஆடுவது லிசெஸ் ஆப்பில் என்றால், அது புதிதாகச் சேரும் எல்லோருக்கும் 1500-இலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. ஆகவே அங்கே 1640 என்பது உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் அல்ல. ஃபிடே பட்டியலில் இடம்பெற, அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடிப் புள்ளி எடுக்க வேண்டும். 1400-க்குக் கீழே அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. அதற்கு அவசரமும் இல்லை. மாவட்டத்தில் ஆறாம் இடம் என்பது பலகையில் உட்கார்ந்து, எதிரே ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து வாங்கிய இடம். ஆப் காட்டும் எண்ணைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம்.

போட்டிக்குப் போகும்போது ஒன்றை மறக்க வேண்டாம். டேப்லெட்டோ போனோ ஆடும் இடத்துக்குள் அவளிடம் இருக்கக் கூடாது. இருப்பது தெரிந்தாலே ஆட்டம் தோற்றதாக அறிவிக்க விதி உண்டு. அணைத்து உங்களிடம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இணைய ஆட்டத்திலும் நடுவே என்ஜினைக் கேட்டு ஆடுவது ஏமாற்றுதான், கணக்கை முடக்கிவிடுவார்கள். இதை அவளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உப்புக் காற்றும் ஈரக் கையும்

கடற்கரை வீடுகளில் டேப்லெட் சாவது பெரும்பாலும் சார்ஜ் செருகும் துளையில்தான். உப்பு ஈரம் படிந்து உள்ளே பச்சைப்பூத்துவிடும், மணலும் சேரும். அந்தத் துளைக்கு ரப்பர் மூடி சில ரூபாய்க்குக் கிடைக்கும், போட்டுவையுங்கள். பாசிக்குப் போய் வந்த ஈரக் கையோடு யாரும் செருக வேண்டாம். கடல்நீர் பட்ட விரலுக்குத் திரை தாறுமாறாக அசையும் என்பதையும் சொல்லிவைக்கிறேன், அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் மூடியுள்ள ஒரு டப்பாவில், புதிய பைகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வைத்தால் நல்லது. நீர் புகுந்து கெட்டால் உத்தரவாதம் பொதுவாக உதவாது.

அவள் அப்பாவின் பயம்

அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. போனைவிட டேப்லெட் கண்ணுக்கு நல்லது, ஏனென்றால் அதைத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். மேசையிலோ மணையிலோ சாய்த்து வைத்து ஒரு முழம் தூரத்தில் பார்க்கட்டும்; படுத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து தூரத்தில் எதையாவது பார்க்கட்டும், உங்கள் வீட்டு வாசலில் அதற்குக் கடலே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் வெளியே ஓடியாடும் நேரம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் காக்க உதவுகிறது என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே மாலை விளையாட்டைச் செஸ்ஸுக்காகக் குறைக்காதீர்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றாலோ தலைவலி என்றாலோ கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கணக்குத் தொடங்கும்போது பிள்ளையின் பெயர், பள்ளி, ஊர் எதுவும் பயனர் பெயரில் வேண்டாம், படமும் வேண்டாம். லிசெஸ்ஸில் குழந்தைகளுக்கான முறை ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வெளியாள் யாரும் அவளுக்குச் செய்தி அனுப்ப முடியாது. கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் எந்த ஆப், எத்தனை மணி நேரம் என்பதை அப்பாவின் போனிலிருந்தே வரையறுக்கலாம். இதையெல்லாம் அவரையே உட்கார்ந்து போடச் சொல்லுங்கள். தன் கையால் பூட்டைப் போட்டவருக்குப் பயம் குறையும்.

படிக்கிறாளா, விளையாடுகிறாளா?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நீளமாக எழுத உட்கார்ந்தேன். செஸ் தெரியாமலே நீங்கள் கண்டுபிடிக்கலாம். தூரத்திலிருந்து திரையைப் பாருங்கள். காய்கள் படபடவென்று நகர்ந்துகொண்டே இருந்தால் அது மூன்று நிமிட, ஒரு நிமிட ஆட்டம். அது பொழுதுபோக்கு. வாரத்துக்கு ஒரு நாள் போனால் போகட்டும், தினமும் கூடாது. காய்கள் அசையாமல் நின்று, பிள்ளையின் உதடு மட்டும் அசைந்தால் படிக்கிறாள் என்று அர்த்தம். இணைய ஆட்டம் ஆடினால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து நொடி கூடுதல் என்ற கணக்கில் நாளுக்கு ஒன்றிரண்டு போதும்.

இரண்டாவது அடையாளம், நோட்டு. ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். "எங்கே சந்தேகம் வந்தது, அப்போது என்ன நினைத்தேன்" என்று என்ஜினைத் திறப்பதற்கு முன் அவள் எழுத வேண்டும். என்ஜின் வேகமாக விடை சொல்வது கெடுதல் என்று மேலே சொன்னது இதற்குத்தான். விடையை முதலில் பார்த்துவிட்ட பிள்ளைக்குத் தன் தவறு தன்னுடையதாகத் தெரிவதே இல்லை. நீங்கள் பக்கத்தைப் புரட்டி, "இங்கே ஏன் இப்படி ஆடினாய்?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்வது உங்களுக்குப் புரியாவிட்டாலும், தடுமாறாமல் சொல்கிறாளா என்பது புரியும்.

அவள் அனுப்பிய தாளை என் பலகையில் வைத்து ஆடிப் பார்த்தேன். வெள்ளைக் காய்களோடு ஆடி, ஆறாவது நகர்த்தலில் குதிரையை எஃப் 7 கட்டத்தில் பலி கொடுத்து, ராஜாவை வெளியே இழுத்து, ராணியை எஃப் 3-க்குக் கொண்டுவந்து செக் வைத்திருக்கிறாள். எதிரே ஆடிய பிள்ளை பயந்துபோய் ராஜாவை ஜி 8-க்குத் திருப்பி ஓட்டிவிட்டாள்; அடுத்த மூன்று நகர்த்தலில் மேட். அந்த இடத்தில் உங்கள் மகள் பென்சிலை அழுத்தி, தாள் கிழியும்படி ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாள். ஓரத்தில் "ஆப்பும் சரி என்று சொன்னது" என்றும் எழுதியிருக்கிறாள்.

ஆப் சொன்னது இருக்கட்டும். அந்த ராஜா பின்னால் ஓடாமல், துணிந்து இ 6-க்கு முன்னேறி, டி 5-இல் நிற்கும் தன் குதிரையைக் காத்திருந்தால்? அப்போது மேட் இல்லை. உங்கள் மகளின் கையில் ஒரு குதிரையும் குறைவு. அந்தக் கறுப்புக் குதிரை ராஜாவுக்கு முன்னால் நகர முடியாமல் கட்டுண்டு நிற்கிறது. வெள்ளையின் பிஷப்பும் ராணியும் ஏற்கெனவே அதைக் குறிவைத்திருக்கின்றன. அடுத்து எந்தக் காயை அழைத்து வருவாள்? டேப்லெட் வந்த பிறகும் இதை அதில் தேட வேண்டாம், காய்களைப் பலகையில் அடுக்கி வைத்து யோசிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. விடையை அதே பென்சிலில் எழுதி அனுப்பட்டும், காத்திருக்கிறேன்.